கேட்டுத்தான் குடுத்தேன்

இறங்காதீங்க, உக்காருங்க. கண்டக்டர் சொன்னது காதுல விழுகலீங்களா? ஒம்பதாவது வளைவுல கரும்பு லாரி திரும்ப முடியாம குறுக்க நின்னுருச்சாம். கீழ இருந்து கிரேன் வந்து இழுத்தாத்தான் வழியாம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்ங்கறாரு. இறங்கி நிக்கவும் கூடாதாம், கரும்பு வாசத்துக்கு ஆனை வந்துருமாம். இந்த மலையில வண்டி நின்னா இப்பிடித்தானுங்க. மேலயும் போக முடியாது, கீழயும் போக முடியாது.

நானும் இறங்கி நடந்தே போயிரலாமான்னுதான் பாத்தேன். முடியாது. முன்னால மூணாவது சீட்டுல பச்சைச் சேலை ஒருத்தி உக்காந்திருக்கறா பாருங்க, அவ தோள்ல தலைய சாச்சுக்கிட்டு ஒரு பொண்ணு. பச்சைச் சேலை என்ற சம்சாரம், சரசு. அந்தப் பொண்ணு என்ற மக, மோகனா. ஒரே பொண்ணுங்க.

ஏன் நான் கடைசி சீட்டுலன்னு கேக்கறீங்களா? முன்னால எடம் இருந்துச்சுங்க. தாளவாடியில நான் ஏறி வந்தப்ப, சரசு பையைத் தூக்கி அந்த எடத்துல வெச்சுட்டா. அவ்வளவுதான். நான் ஒண்ணும் கேக்கலை. நேரா இங்க வந்துட்டேன். நீங்க பூண்டு மூட்டைய ஒதுக்கி எடம் குடுத்தீங்க.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. ஈரோட்டுல ஒரு பெரிய ஜவுளிக்கடையில இருக்கறேன். முப்பத்தோரு வருசம். கல்யாணப் பட்டு செக்சன். எங்க முதலாளி வேற யாரையும் அங்க உக்கார விடமாட்டாரு. என்ன காரணம்னா, எனக்குக் கண்ணு பாக்கத் தெரியும்.

கண்ணு பாக்கறதுன்னா வைத்தியம் இல்லீங்க. ஒரு குடும்பம் பத்துப் பேரு வருவாங்க. ஆத்தா ஒண்ணு சொல்லும், அத்தை ஒண்ணு சொல்லும். கல்யாணப் பொண்ணு "எதுன்னாலும் சரி"ம்பா. நான் யாரு வாயையும் கேக்கமாட்டேன். பொண்ணோட கண்ணை மட்டும் பாப்பேன். நாப்பது சேலை விரிச்சா கண்ணு நாப்பதுலயும் ஓடும். அப்புறம் அஞ்சுக்கு வரும். அப்புறம் ரெண்டு. இது, அது, இது, அதுன்னு தறி நாடா மாதிரி போயிட்டு வரும். கொஞ்ச நேரத்துல ஒரு பக்கம் நிக்கற நேரம் கூடும் பாருங்க. அவளுக்கே அது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நேரத்துல கேட்டுரோணும். "இதையே முடிச்சிரலாமா அம்மிணி?" சரீம்பா. முன்னாடியும் கேக்கக் கூடாது, பின்னாடியும் கேக்கக் கூடாது. முன்னாடி கேட்டா பயந்துக்குவா. பின்னாடி கேட்டா கண்ணு வேற பக்கம் போயிரும்.

அதுலயும் இன்னொண்ணு இருக்குதுங்க. நீங்க சொந்தக்காரர் மாதிரி இருக்கறீங்க, சொல்றேன். சில சேலை ரொம்ப நாளா விக்காமத் தங்கிரும். முதலாளி காதுல வந்து சொல்லுவாரு, நாச்சி, அந்த மாம்பழக் கலரைத் தள்ளி விடுன்னு. நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை பெருமையாப் பேசமாட்டேன். எல்லாத்தையும் விரிப்பேன். மத்ததை ஒண்ணொண்ணா மடிச்சுருவேன். மாம்பழக் கலரை மட்டும் மடிக்காம விட்டுருவேன். அவ கண்ணு வேற எங்க போகும்? நின்னுதான் ஆகோணும். நின்னா கேட்டுருவேன்.

மோகனா சின்னதா இருக்கறப்ப, ஏழாவதோ எட்டாவதோ, ஸ்கூல் லீவுக்குக் கடைக்கு வந்து என்ற பின்னால உக்காந்திருப்பா. ஒரு நாள் கேட்டா. "அப்பா, அந்த அக்காவுக்குப் புடிச்சதால அதையே பாத்தாங்களா, அதையே பாத்ததால புடிச்சுதா?" எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. எதா இருந்தா என்ன கண்ணு, பில்லுப் போட்டாச்சுன்னேன். புத்தி அப்பிடி. லேப் டெக்னீசியன் படிச்சா. ரத்தம் எடுத்தா வலிக்காது, அப்பிடிக் கை. பெருந்துறையில ஒரு லேப்ல ஒரு வருசம் வேலைக்கும் போனா.

அப்புறம் ஜாதகம் எடுத்தோம். ரெண்டு எடம் பொருந்தி வந்துச்சு. ஒண்ணு கோபியில வாத்தியார், ரகுநாதன்னு பேரு. வாடகை வீடு. பொண்ணு வேலைக்குப் போகட்டும்னு அவங்களே சொன்னாங்க. இன்னொண்ணு தாளவாடி, சிவராஜ். பத்து ஏக்கரா, போர் தண்ணி, முட்டைக்கோசு, சொந்த வீடு. ஆத்தா மட்டுந்தான். குடி கிடையாது, பீடி கிடையாது. நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்னு சரசு இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்றா. அது பொய்யிங்க. தரகர்கிட்ட தாளவாடியே பாத்துக்கலாம்னு பேச்சுவாக்குல ஒரு வார்த்தை விட்டிருந்தேன். அது முடிவாகுமா?

நான் கேட்டுத்தானுங்க குடுத்தேன். எத்தனை அப்பன் கேக்கறான்? ரெண்டு போட்டோவையும் டீப்பாய் மேல வெச்சு, மோகனாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். வாத்தியார் படத்தைக் காட்டுனேன். விவரம் சொன்னேன். எடுத்துப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டேன். தாளவாடிப் படத்தை வெச்சேன். வீட்டுப் படம் இருந்துச்சு, அதையும் பக்கத்துல வெச்சேன். தோட்டம், கோசு வெளைஞ்சு கெடக்கறது, அதையும் வெச்சேன். அப்புறம் ஒண்ணும் பேசலை. காப்பி குடிச்சேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணு அந்த வீட்டு மேலயே நின்னுச்சு. சத்தியமாச் சொல்றேன், நின்னுச்சுங்க. அப்பத்தான் கேட்டேன். "இதையே முடிச்சிரலாமா கண்ணு?" "சரிப்பா"ன்னா.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? சேலைக்குப் பண்றதையே பொண்ணுக்கும் பண்ணிட்டேன்னு நெனைக்கறீங்க. அதில்லீங்க. கடையில பண்றது யாவாரம். இது என்ற பொண்ணோட நல்லதுக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?

போன வருசம் வைகாசியில கல்யாணம். கூரைப்பட்டு நானே எடுத்தேன், அவளுக்கு எது நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாதா. ஆடிக்கு அழைச்சுட்டு வந்தோம். புதுப்பொண்ணு ஆடி மாசம் பூரா பொறந்த வீட்டுல இருக்கறதுதான் மொறை. ஆனா அவ எந்நேரமும் வாசக் கேட்டையே பாத்துட்டு இருந்தா. சோறு திங்கறப்பவும் கேட்டைத்தான். டீவி போட்டாலும் கேட்டைத்தான். யாராச்சும் வண்டியில வந்தா தூக்கிப் போட்ட மாதிரி பாப்பா. நான் நெனைச்சேன், புருசனைத் தேடுதுன்னு. சின்னஞ்சிறுசுக, தேடாதா? நாலாம் நாளு பொட்டி கட்டச் சொல்லிட்டேன்.

சரசு கேட்டா. "அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? பாத்தாலே தெரியுதல்ல?"

இதே மலை, இதே பஸ்ஸுதான். அவ ஜன்னலோரம் உக்காந்திருந்தா. பாதி மலையில "அப்பா, இன்னொரு ரெண்டு நாளு இருந்துட்டு வந்திருக்கலாம்"னா. வெக்கத்துல சொல்றான்னு நெனைச்சேன். புருசன் வந்து கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயந்துதான் கேட்டைப் பாத்தாளாம். ஆத்தாகிட்டச் சொல்லியிருக்கறா, சரசு இன்னைக்குத்தான் என்கிட்டச் சொல்றா. அன்னைக்கே சொல்லியிருக்கோணுமில்லீங்களா? கண்ணுல ரெண்டுக்கும் ஒரே பார்வைதானுங்க. தேடறவனும் வாசலைப் பாப்பான், பயந்தவனும் வாசலைப் பாப்பான். நான் என்ன பண்ணட்டும்?

தலை தீபாவளிக்கு வரலை. ராகி அறுப்புன்னான் மாப்பிள்ளை. சரீன்னு கார்த்திகையில நானே பலகாரம் எடுத்துக்கிட்டுப் போனேன். வீடு ஊருக்கு வெளியில, காட்டை ஒட்டி இருக்குதுங்க. போயிப் பாத்தா வெளிய பூட்டு தொங்குது. ஆளில்லையோன்னு திரும்பறேன், ஜன்னல்ல இருந்து "அப்பா"ங்கறா.

உள்ள வெச்சுப் பூட்டிட்டு ஆத்தாளும் மகனும் தோட்டத்துக்குப் போயிருக்கறாங்க. தெனமும் அப்பிடித்தானாம். எனக்கும் மொதல்ல பக்குன்னுச்சு. அவளே சொன்னா, "ஆனை வருதாம்ப்பா. கதவைத் தள்ளிருமாம். அதனால பூட்டிட்டுப் போறாரு"ன்னு. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தரை ஆனை அடிச்சது உண்மைதானுங்க. போனைக் கேட்டேன். அவருகிட்ட இருக்குதுன்னா. வீட்டுல சிக்னல் இல்லை, மேட்டுல போனாத்தான் கெடைக்குமாம். அதுவும் ஞாயம்தானே? ஒவ்வொண்ணாக் கேட்டாப் பதில் இருக்குதுங்க.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். மூணு மணி நேரம். அதிரசத்தைக் கம்பி வழியாக் குடுத்தேன். முறுக்கு டப்பா நுழையலை, பிரிச்சு ஒண்ணொண்ணாக் குடுத்தேன்.

"பாத்ரூம் உள்ளயே இருக்குதா கண்ணு?"

"இருக்குதுப்பா."

"தண்ணி?"

"இருக்குதுப்பா."

"அப்புறம் என்ன? பத்திரமா வெச்சிருக்கறாரு."

அவ கண்ணு என்ற தோளுக்குப் பின்னால போச்சு, கைக்கு வந்துச்சு, மறுபடி பின்னால போச்சு. பின்னால என்ன இருக்குதுன்னு திரும்பிப் பாத்தேன். தோட்டத்துப் பாதை. மாப்பிள்ளை வர்ற பாதை. சரி, அவரு வர்றாரான்னு பாக்கறான்னு நெனைச்சுக்கிட்டேன். அந்தப் பாதை ரோட்டுக்கும் போகுதுங்க. அவ பாத்தது ரோட்டைன்னு இன்னைக்குத்தான் தெரியும். நான் ஒரு கல்லைக் கையில எடுத்திருந்தா அந்தப் பூட்டு ஒடைஞ்சிருக்கும்ங்கறா சரசு. சின்னப் பூட்டுதான். சைக்கிள் கடையில விக்கற மாதிரி.

தண்ணி குடிக்கறீங்களா? குடிங்க. எனக்கு வேண்டாம்.

மாசி மாசம் ஒரு நாளு கடையில இருக்கறேன், முகூர்த்தக் கூட்டம். போன் வருது. தெரியாத நம்பரு. "மோகனாவோட அப்பாவா? நான் எஸ்தர், இந்த ஊரு நர்சு. உடனே கெளம்பி வாங்க"ங்குது. மோகனா நாலு மாசமுங்க. எங்களுக்குக்கூடத் தெரியாது, சொல்ல போன் எங்க? அந்த அம்மா கர்ப்பிணிக கணக்குப் பாக்க வீடு வீடாப் போறவங்க. அந்த வீட்டுல இவங்க வர்றது தெரிஞ்சு மாமியார் வாசல்லயே நின்னு, எல்லாம் நல்லா இருக்கறா, நீ போன்னு அனுப்பிருமாம். அன்னைக்கு வாசல்ல ஆளில்லை. உள்ள இருந்து மொனகற சத்தம் கேட்டிருக்குது. ஜன்னல்ல எட்டிப் பாத்தா, தரையில கெடக்கறா. ரத்தம். காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சதாம். அவங்க போனப்ப ரெண்டு. நாலு மணி நேரம் கதவைத் தட்டியிருக்கறா, ஜன்னல்ல கூப்பிட்டிருக்கறா. காட்டோரத்து வீடு, யாருக்குக் கேக்கும்?

எஸ்தரம்மா ஒரு கல்லைத் தூக்கி ஒரே அடி. பூட்டு விட்டுருச்சு. மோகனா உசுரு மிஞ்சுச்சு. குழந்தை தங்கலை.

நானும் சரசுவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மோகனா கட்டில்ல உக்காந்திருந்தா. அவங்க ஆத்தாளைக் கட்டிக்கிட்டு அழுதா. என்னையப் பாத்து அழுகலை. கண்ணை என்ற பக்கம் திருப்பவே இல்லீங்க. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும். பதினெட்டு நாளு. எஸ்தரம்மா வீட்டுலதான் இருந்தா.

மாப்பிள்ளையும் அழுதாரு, பொய்யி சொல்லக் கூடாது. "பயத்துலதானுங்க மாமா பூட்டுனேன். எங்கப்பனை ஆனைதான் அடிச்சுது, நானு பத்து வயசுல பாத்தேன்"ன்னாரு. எனக்கு மனசு எளகிருச்சு. கெட்டவன் இல்லையேன்னு தோணுச்சு. சரி, பெரியவங்களை வெச்சுப் பேசிருவோம்னு இன்னைக்குத் தேதி குறிச்சோம். தாளவாடியில கோயில் மண்டபத்துல. அவங்க பக்கம் ஆறு பேரு, எங்க பக்கம் நானு, சரசு, என்ற மச்சினன். எஸ்தரம்மாவும் வந்து தூணோரம் நின்னாங்க.

நான் என்ன நெனைச்சுப் போனேன்னு உங்களுக்குச் சொல்றேன். மறைக்கறதுக்கு என்ன. பொண்ணு வாயைத் தொறக்கமாட்டா. வெக்கமும் பயமும். ஆனா கண்ணு பொய்யி சொல்லாது. மாப்பிள்ளையை அவளுக்கு நேரா உக்கார வெப்போம். மாமியாரைக் கண்ணுல படாம ஓரமா உக்கார வெப்போம். அவரு பேசட்டும், அழுகட்டும். அவ கண்ணு அவரு மேல எப்ப நிக்குதோ அப்பக் கேப்போம். குடும்பம் ஒண்ணு சேந்துரும். அதுக்கு முன்னால ஜன்னக் கம்பியெல்லாம் எடுக்கச் சொல்லலாம், பூட்டுக்குச் சாவி ரெண்டு போடலாம், ஒண்ணு அவகிட்ட இருக்கட்டும். எல்லாம் பேசி வெச்சிருந்தேங்க.

அப்பிடியே உக்கார வெச்சேன். மாப்பிள்ளை நேரா. ஊருப் பெரியவர் ஒருத்தர் கேட்டாரு, "ஏம்மா, இந்தப் பையனோட வாழறயா, இல்லையா? நீயே சொல்லு"ன்னு.

நான் முன்னால குனிஞ்சு மோகனா கண்ணைப் பாத்தேன்.

கண்ணை மூடிட்டாளுங்க.

தூங்கற மாதிரி இல்லை. இறுக்கி. நெத்தி சுருங்கற அளவுக்கு. எல்லாரும் பாக்கறாங்க. நான் மெல்லச் சொன்னேன், "கண்ணு, கண்ணைத் தொற சாமி. எல்லாரும் உக்காந்திருக்கறாங்க பாரு."

"வேண்டாம்ப்பா"ன்னா. "தொறந்தா எனக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லீருவீங்க. இன்னைக்கு நானே சொல்றேன்."

மூடுன கண்ணோட சொன்னா. ஒண்ணொண்ணா, நிறுத்தி நிறுத்தி. "நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். எங்கப்பா வீட்டுக்கும் போகமாட்டேன். சத்தியமங்கலத்துல எஸ்தரக்கா ஒரு லேப்ல கேட்டு வெச்சிருக்காங்க. பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் இருக்குது. அங்க இருக்கறேன். என்னை யாரும் வந்து கூட்டிட்டுப் போக வேண்டாம். நானா வந்தா வருவேன்." அவ்வளவுதான். சொல்லி முடிச்சுட்டு அப்பிடியே கையை நீட்டுனா. சரசு எந்திரிச்சுப் போயிப் புடிச்சுக்கிட்டா. படி இறங்கற வரைக்கும் கண்ணைத் தொறக்கலை.

எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா. நாலு பேரு முன்னால, பெத்த அப்பனை. என்ற மச்சினன் என்னையப் பாக்காம மேக்கூரையைப் பாக்கறான். நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? அடிச்சேனா? கட்டாயப்படுத்துனேனா? ரெண்டு படம் வெச்சேன். கேட்டேன். சரிப்பான்னா.

இப்பவும் சொல்றேன், அவ கண்ணைத் தொறந்திருந்தா எனக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும், அவ மனசுல நெசமா என்ன இருக்குதுன்னு. அந்த ஹாஸ்டலா அவளுக்கு வேணும்? யாரோ சொல்லிக் குடுத்தது. எஸ்தரம்மா நல்லவங்கதான், இல்லைங்கலை. உசுரைக் காப்பாத்துனவங்க. ஆனா அவங்களுக்கு என்ற பொண்ணைப் பதினெட்டு நாளாத்தான் தெரியும். எனக்கு இருபத்தஞ்சு வருசமாத் தெரியும்.

தெரியும்னுதானுங்க நெனைச்சுட்டு இருக்கறேன்.

அந்தக் கதவைத் தட்டுன நாலு மணி நேரம் இருக்குதல்லங்க, அதைத்தான் நெனைக்காம இருக்கப் பாக்கறேன். கடையில அன்னைக்குப் பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் நான் என்ன பண்ணுனேன்னு நல்லா ஞாபகம் இருக்குது. கவுந்தப்பாடிக் குடும்பம் ஒண்ணு வந்திருந்துச்சு. பொண்ணு செவப்பு வேணும்னுச்சு. நான் ஊதாவை விரிச்சு விட்டேன். ஊதாதான் போச்சு.

கிரேன் வந்துருச்சு போல, கேக்குதுங்களா? எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க. மோகனாவும் எந்திரிச்சுட்டா. இந்தப் பக்கம் திரும்பலை.

நகருதுங்க வண்டி. நல்லவேளை.

அவங்ககிட்டப் போயிப் பேசுன்னு சொல்றீங்க. பேசலாம். என்ன பேசறது? முப்பத்தோரு வருசமா எனக்கு ஒரே பேச்சுத்தானுங்க தெரியும். இதையே முடிச்சிரலாமான்னு. அதைத் தவிர ஒரு பொம்பளைப் புள்ளைகிட்ட என்ன கேக்கறதுன்னு நெசமாவே தெரியலை. உனக்கு என்ன வேணும்னு கேக்கலாம்ங்கறீங்க. கேட்டுட்டு? அவ பதில் சொல்ற வரைக்கும் நான் எங்க பாக்கறது?

பண்ணாரி தாண்டியாச்சு. இன்னும் அரை மணி நேரம். ரெண்டு பேரும் சத்தியில இறங்கிருவாங்க. சரசு ஒரு வாரம் கூட இருந்துட்டு வர்றாளாம். வர்றாளோ என்னமோ, பையில பத்துப் பதினஞ்சு சேலை வெச்சிருக்கறா. நான் வண்டி மாறி ஈரோடு போகோணும். நாளைக்குக் கடை இருக்குது.

இதோ ஸ்டாண்டு வந்துருச்சு. உங்க மூட்டை, பாத்து, நானும் ஒரு கை புடிக்கறேன். நில்லுங்க. அவங்க இறங்கட்டும். கூட்டம் போகட்டும்.

இறங்கிட்டாங்களா? நீங்க ஜன்னலோரம் இருக்கறீங்க, சொல்லுங்க. ஹாஸ்டல் பக்கம் நடக்கறாங்களா, நிக்கறாங்களா? நிக்கறாங்களா! எதுக்கு நிக்கறாங்க? ஆட்டோவுக்கா, எனக்கா? தெரியலையா. நல்லாப் பாருங்க. பஸ்ஸைப் பாக்கறாளா?

வேண்டாம். சொல்லாதீங்க.

கண்டக்டர் சத்தம் போடறாரு, கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் இறங்குன்னு. இறங்கறேனுங்க, இறங்கறேன். நீங்க முன்னால போங்க. நான் இறங்கி நின்னு, அவ என்னையக் கூப்பிடாமப் போயிட்டான்னா, அதுக்கப்புறம் அது நடந்ததாயிருமில்லீங்களா? உள்ளயே உக்காந்திருந்தா, கூப்பிடலைன்னு ஆகாது. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன். நீங்க போங்க.